உருகியது மீண்டும் உறைய வேண்டாமா?

பழவேற்காட்டுப் படகுத்துறையில் காலை வேளையில் போய் நின்றால், இயற்பியல் புத்தகத்தின் ஓர் அத்தியாயம் முழுவதும் கண்முன்னே நடப்பதைக் காணலாம். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரை சேருகின்றன. இறால், நண்டு, மடவை என்று கூடை கூடையாக இறங்குகின்றன. ஏலம் முடிந்த கையோடு ஐஸ் கட்டியைச் சாக்கில் போட்டு உடைக்கிறார்கள். ஓர் அடுக்கு ஐஸ், ஓர் அடுக்கு மீன், மறுபடி ஓர் அடுக்கு ஐஸ் என்று பெட்டி நிறைகிறது. சென்னைச் சந்தைக்குப் போய்ச் சேரும் வரையில் மீன் கெடுவதில்லை.

ஏன் கெடுவதில்லை? "ஐஸ் குளிர்ச்சியாக இருக்கிறது, அதனால்தான்" என்று ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் உடனே விடை சொல்லிவிடுவார். அது பாதி விடைதான். 0 டிகிரி செல்சியஸில் உள்ள தண்ணீரும் அதே அளவு குளிர்ச்சியானதுதானே! அதை மீனின் மேல் ஊற்றிப் பெட்டியை மூடினால் வெகு விரைவில் தண்ணீரும் சூடேறும், மீனும் சூடேறும். ஐஸின் பெருமை அது குளிர்ந்திருப்பதில் இல்லை, உருகுவதில் இருக்கிறது. ஒரு கிலோ ஐஸ் 0 டிகிரியிலேயே உருகித் தண்ணீராவதற்கு 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்குகின்றது. அதே வெப்பத்தை ஒரு கிலோ தண்ணீருக்குக் கொடுத்தால் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 80 டிகிரி உயர்ந்துவிடும். இத்தனை வெப்பத்தை விழுங்கியும், கடைசித் துண்டு உருகி முடியும் வரை ஐஸ் தன் வெப்பநிலையை ஒரு டிகிரிகூட உயர்த்திக் கொள்வதில்லை. உள்ளே போன வெப்பம் வெப்பமானிக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்வதால்தான் இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

இந்த உண்மையை வைத்துச் சென்னையிலேயே ஒரு வியாபாரம் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் குளிர்காலத்தில் உறைந்த குளங்களிலிருந்து அறுத்தெடுத்த பனிக்கட்டியை ஃபிரெடெரிக் டூடர் என்பவர் மரத்தூளில் புதைத்துப் பல மாதக் கடற்பயணமாக இந்தியாவுக்கு அனுப்பினார். அதைச் சேமித்து வைக்க 1842-இல் கட்டியதுதான் மெரினா கடற்கரையை ஒட்டிய ஐஸ் ஹவுஸ். இன்று அது விவேகானந்தர் இல்லம். வழியில் ஒரு பங்கு உருகிப் போனாலும், மீதம் கரைக்கு வந்து விற்றது. உருகுவதற்கு அவ்வளவு வெப்பம் தேவைப்படாவிட்டால் அந்தக் கப்பல்கள் வெறும் தண்ணீரைத்தான் சுமந்து வந்திருக்கும்.

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு மே மாதம், ஏரி நீரின் உவர்ப்பை அளப்பதற்காகக் கல்லூரி மாணவர் சிலருடன் ஏரிக்கரைக் குப்பம் ஒன்றுக்குப் போயிருந்தேன். வேலை முடிய மாலை ஆகிவிட்டது. குடிக்கத் தண்ணீர் கொடுத்த அம்மாவின் வீடு காங்கிரீட் கூரை போட்ட சிறிய வீடு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கடலோரம் நெடுகிலும் எழுந்த வீடுகளைப் போன்றது. வீட்டுக்குள் யாரும் இல்லை. எல்லோரும் வாசலில் பாய் விரித்திருந்தார்கள்.

"உள்ளே ஃபேன் இருக்கிறதே அம்மா, ஏன் வெளியில்?" என்று கேட்டேன்.

"பகல்ல கூட எப்படியாவது இருந்துடலாம் சார். பொழுது போனாதான் வூடு கொதிக்குது. ஃபேன் போட்டா அனல்தான் இறங்குது. மூணு மணிக்குத் தொழிலுக்குப் போறவங்க எப்ப தூங்கறது?" என்றார்.

ஒரு ஸ்டூலின் மேல் ஏறிக் கூரையின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இரவு எட்டு மணிக்கு அது சுட்டது.

காரணத்தைக் கணக்கிலேயே காணலாம். கூரையின் பரப்பு 20 சதுர மீட்டர், கனம் 10 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அந்தக் காங்கிரீட்டின் எடை ஏறத்தாழ 4,800 கிலோ. ஒரு கிலோ காங்கிரீட்டை ஒரு டிகிரி சூடாக்க 0.88 கிலோஜூல் வேண்டும். ஆகவே பகல் வெயிலில் கூரை 10 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதில் சேரும் வெப்பம் 42,000 கிலோஜூலுக்குச் சற்று மேல். மேற்பரப்பில் நண்பகலில் விழுந்த வெப்பம் அடிப்பக்கத்துக்கு வந்துசேரச் சில மணி நேரம் பிடிக்கிறது. சூரியன் மறைந்த பிறகு, நீங்கள் படுக்கப் போகும் நேரத்தில், அந்த வெப்பமெல்லாம் உங்கள் தலைமேல் கதிர்வீசத் தொடங்குகிறது. பழைய ஓலைக் கூரையில் இந்தத் தொல்லை இல்லை. ஓலை வெப்பத்தை எளிதில் கடத்தாது. எடையும் இல்லாததால் சேமித்தும் வைக்காது. ஆனால் ஓலைக் கூரை ஒரு தீப்பொறிக்கும் ஒரு புயலுக்கும் தாங்காது. காங்கிரீட் வீட்டை விட்டுவிட்டு ஓலைக்குத் திரும்பச் சொல்பவர்கள் ஓலை வீட்டில் ஒரு புயலைக் கழித்துப் பார்த்ததில்லை என்பது என் எண்ணம்.

பேருந்தில் திரும்பி வரும்போது மாணவர் ஒருவர் சுறுசுறுப்பாக ஒரு யோசனை சொன்னார். "சார், மீன் பெட்டியில் ஐஸ் செய்கிற வேலையைக் கூரையில் வேறொரு பொருள் செய்யக்கூடாதா? அறை வெப்பநிலையில் உருகக்கூடிய ஒன்றை அடைத்து வைத்துவிட்டால், பகல் வெப்பத்தை அது விழுங்கிக் கொள்ளுமே!"

நல்ல யோசனைதான். உலகில் பலரும் இதைச் செய்து வருகிறார்கள். இத்தகைய பொருள்களுக்கு நிலைமாற்றப் பொருள்கள் என்று பெயர். சில வகை மெழுகுகள், கொழுப்பு அமிலங்கள், நீரேறிய உப்புகள் இவற்றில் அடங்கும். எடுத்துக்காட்டாக, ஆறு மூலக்கூறு நீர் கொண்ட கால்சியம் குளோரைடு ஏறத்தாழ 29 டிகிரியில் உருகுகிறது. அப்போது கிலோவுக்குச் சுமார் 190 கிலோஜூல் வெப்பத்தை ஏற்கிறது. நம் கூரையில் சேர்ந்த 42,000 கிலோஜூலையும் விழுங்க 220 கிலோ உப்பு போதும். அதாவது 4,800 கிலோ காங்கிரீட் 10 டிகிரி சூடேறிச் செய்யும் வேலையை 220 கிலோ உப்பு வெப்பநிலை உயராமலேயே செய்துவிடும்! கூரையின் அடியில் பரப்பினால் அதன் கனம் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் யாருக்கும் உற்சாகம் பிறக்கும். மாணவருக்கும் பிறந்தது, உண்மையைச் சொன்னால் எனக்கும் பிறந்தது.

ஆனால் மீன் பெட்டிக்கும் வீட்டுக் கூரைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பெட்டியில் உருகிய ஐஸைத் தரையில் கொட்டிவிட்டு நாளைக்குப் புது ஐஸ் வாங்கிக் கொள்ளலாம். ஐஸ் ஆலை என்று ஒன்று எங்கோ மின்சாரம் செலவழித்து அதை உறைய வைத்துத் தருகிறது. கூரையில் உருகிய உப்பை யார் உறைய வைப்பது? இரவுதான் அந்த ஆலை. பகலில் விழுங்கிய வெப்பம் முழுவதையும் இரவில் வெளியே விட்டு அது மீண்டும் திடப்பொருளாக வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் காலையில் கூரைக்குள் இருப்பது வெறும் திரவம். அதற்கு உருகத் தெரியாது, சூடேற மட்டுமே தெரியும்.

உங்கள் வீட்டிலேயே இதற்கு ஒரு சோதனைக் கருவி இருக்கிறது: தேங்காய் எண்ணெய்ப் புட்டி. தேங்காய் எண்ணெயின் உருகுநிலை ஏறத்தாழ 24 டிகிரி. மார்கழி விடியலில் புட்டியைக் கவிழ்த்தாலும் எண்ணெய் இறங்காமல் வெயிலில் வைத்து எடுப்பது நமக்குப் பழக்கமானதே. ஆராய்ச்சியாளர் சிலர் கட்டடங்களில் பயன்படுத்தக்கூடிய நிலைமாற்றப் பொருளாகத் தேங்காய் எண்ணெயையே ஆய்ந்திருக்கிறார்கள். சரி, மே மாதம் எந்த இரவிலாவது அந்தப் புட்டி உறைந்து கண்டதுண்டா? கிடையாது. சென்னையை ஒட்டிய கடலோரத்தில் மே மாதத்தில் இரவின் மிகக் குறைந்த வெப்பநிலையே சராசரியாக 28 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. அதுவும் விடியற்காலையில் சிறிது நேரம்.

பழவேற்காட்டில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. சராசரியாக ஒரு மீட்டர் ஆழமே உள்ள அந்த ஏரி பகலெல்லாம் வெயில் காய்ந்து வெதுவெதுப்பாகி, இரவில் காற்றைக் குளிர விடுவதில்லை. காற்றில் நீராவி மிகுதி. வறண்ட நாட்டில் கூரை தன் வெப்பத்தைத் திறந்த வானத்துக்குக் கதிர்வீசிவிட்டு ஆறிவிடும். இங்கோ அந்தக் கதிர்வீச்சின் கணிசமான பங்கை நீராவி விழுங்கிக் கீழேயே திருப்பி அனுப்புகிறது. இராஜஸ்தானத்து இரவும் பழவேற்காட்டு இரவும் ஒன்றல்ல.

மீண்டும் கணக்குக்கு வாருங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் 11 கிலோ உப்பு இருக்கிறது. அது முழுவதும் உறைய ஏறத்தாழ 2,100 கிலோஜூல் வெப்பம் வெளியேற வேண்டும். உப்பு உறைவது 29 டிகிரியில், இரவுக் காற்று 28 டிகிரி. வேறுபாடு ஒரே டிகிரி! ஒரு டிகிரி வேறுபாட்டில் ஒரு சதுர மீட்டரிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 10 ஜூல் வெப்பம்தான் காற்றுக்குப் போகும். எட்டு மணி நேரத்தில் 288 கிலோஜூல். தேவையில் ஏழில் ஒரு பங்கு. மூன்றாம் நாளே அந்த வீட்டு அம்மா, "சார், உங்க உப்பு பழையபடி கொதிக்குது" என்று சொல்லிவிடுவார். நியாயமாகத்தான் சொல்வார்.

சரி, உருகுநிலை 34 டிகிரி உள்ள ஒரு பொருளை எடுத்துக்கொண்டால்? வேறுபாடு 6 டிகிரி. எட்டு மணி நேரத்தில் 1,700 கிலோஜூலுக்கு மேல் வெளியேறும். தேவையில் ஐந்தில் நான்கு பங்கு வந்துவிட்டது. எஞ்சியதை வானம் பார்த்துக் கொள்ளும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பசுபதி, வேல்ராஜ் ஆகியோர் ஒரே மாதிரியான சிறு அறைகளைக் கட்டி, ஒன்றின் கூரையில் மட்டும் காங்கிரீட்டுக்கு இடையே நீரேறிய உப்புக் கலவையை வைத்து ஆராய்ந்தார்கள். 27 டிகிரியை ஒட்டி உருகும் கலவை அது. 2008-இல் வெளியான அவர்களது ஆய்வு, சென்னையில் ஆண்டு முழுவதற்கும் ஓர் அடுக்கு போதாது, இரண்டு அடுக்கு வேண்டும் என்கிறது. கீழ் அடுக்கு அறைக்கு ஏற்ற 27 டிகிரியை ஒட்டி உருகலாம். ஆனால் மேல் அடுக்கின் உருகுநிலை, கோடை உச்சத்தில் அதிகாலைக் காற்றின் வெப்பநிலையை விட 6 அல்லது 7 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். குளிர்நாட்டுப் புத்தகங்களைப் பார்த்து 22, 23 டிகிரியில் உருகும் பலகையை வாங்கிவந்து நம் கடலோர வீட்டில் பொருத்துவது, மழைக்கோட்டை வாங்கிப் பாலைவனத்தில் அணிவது போலத்தான். பொருள் நல்லதே, ஊர்தான் வேறு.

"கூரையின் அடிப்பக்கம் 34 டிகிரியில் இருந்தால் வீடு குளிர்ந்துவிடுமா?" என்று நீங்கள் கேட்கலாம். குளிராது. ஆனால் மனிதத் தோலின் வெப்பநிலையும் ஏறத்தாழ 34 டிகிரிதான். 34 டிகிரிக் கூரை உங்கள் உடலுக்குக் கதிர்வீச்சால் வெப்பத்தை ஊட்டாது. அதற்கு மேல் மின்விசிறி தன் வேலையைச் செய்யும். 40 டிகிரியைத் தாண்டிய கூரையின் கீழ் விசிறி சுழன்று என்ன பயன்?

இனிப் பொருளைத் தேர்ந்தெடுக்கும் சிக்கல். இந்தத் துறையின் முன்னோடி மரியா டெல்கெஸ் என்ற அம்மையார். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1948-இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் டோவர் என்ற ஊரில் முழுவதும் சூரிய வெப்பத்தால் கதகதப்பாக்கும் வீடு ஒன்றை உருவாக்கினார். கட்டடக் கலைஞர் எலினார் ரேமண்ட். பணம் கொடுத்தவர் அமீலியா பீபாடி. மூவரும் பெண்கள் என்பதை இந்த இதழைப் படிக்கும் மாணவிகள் குறித்துக் கொள்ளட்டும். அங்கே வெப்பத்தைச் சேமித்தது கிளாபர் உப்பு, அதாவது பத்து மூலக்கூறு நீர் கொண்ட சோடியம் சல்பேட்டு. உருகுநிலை 32.4 டிகிரி. இருபது டன்னுக்கும் மேல் உப்பு! இரண்டு குளிர்காலங்கள் வேலை செய்த அந்த ஏற்பாடு மூன்றாவதில் தோற்றது. உருகும்போது நீரற்ற சல்பேட்டு பிரிந்து அடியில் படிந்தது. மீண்டும் உறையும்போது பழையபடி நீரோடு சேரவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் சேமிப்புத் திறன் தேய்ந்தது. பரிசோதனைச் சாலையில் பத்து முறை உருகி உறைந்த பொருளைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. வீடு என்பது ஆயிரக்கணக்கான சுற்றுகள்.

நம் குப்பங்களில் இன்னும் ஒரு தொல்லை. உப்புக் காற்றில் காங்கிரீட்டின் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி துருவேறிப் பூச்சு பெயர்ந்து விழுவதைக் கடலோரத்தில் எங்கும் காணலாம். துருவை விரைவுபடுத்துவது குளோரைடு. கால்சியம் குளோரைடு அடைத்த பலகை ஒன்று ஒழுகினால், கடல் பத்து ஆண்டில் செய்வதை நாமே கூரைக்குள் செய்து வைத்ததாகும். மெழுகு வகையில் துரு இல்லை. ஆனால் அது எரியும். அடுப்பு எரியும் ஓரறை வீட்டில் தலைக்கு மேல் இருநூறு கிலோ மெழுகைத் தொங்கவிடச் சொல்ல எனக்குத் துணிவில்லை. எரியாத, அரிக்காத, 33 அல்லது 34 டிகிரியில் உருகுகிற, ஆயிரம் முறை உருகினாலும் பிரியாத, மீனவர் வாங்கக்கூடிய விலையில் ஒரு பொருள் வேண்டும். இன்றைக்குப் பத்தாம் வகுப்பில் வேதியியல் படிக்கும் ஒருவருக்கு வாழ்நாள் வேலை இதில் காத்திருக்கிறது.

அதுவரை கை கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. வெப்பத்தை உள்ளே விட்டுவிட்டுப் பிறகு அதைச் சேமிக்க இடம் தேடுவதைவிட, வாசலிலேயே நிறுத்துவது மலிவு. வெயிலில் கறுத்த காங்கிரீட் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்குகிறது. புதிதாகச் சுண்ணாம்பு பூசிய பரப்பு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. ஆண்டுதோறும் பங்குனியில் மாடிக்கு இரண்டு கை சுண்ணாம்பு அடிக்க வேண்டும். அல்லது கூரைக்கு மேல் ஒரு முழ இடைவெளி விட்டுக் கீற்றுப் பந்தல் போடலாம். வீடு காங்கிரீட்டாகவே இருக்கட்டும், நிழல் மட்டும் ஓலையாக இருக்கட்டும். இதைச் செய்த வீட்டில் நிலைமாற்றப் பொருளுக்கும் வேலை குறையும். குறைந்த பொருளே போதும், இரவில் அது முழுவதும் உறையவும் செய்யும். சுண்ணாம்பு அடிக்காத கூரையில் விலையுயர்ந்த பலகை பொருத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வரவேற்க வேண்டிய செயல். ஆனால் வெப்ப அலையை அறிவிப்பதற்கான அளவுகோல் முதன்மையாகப் பகலின் உச்ச வெப்பநிலையைப் பார்க்கிறது. இந்திய வானிலைத் துறையின் விதிப்படி, 'வெப்ப இரவு' என்ற அறிவிப்பைக்கூடப் பகல் வெப்பம் 40 டிகிரியை எட்டிய இடத்தில்தான் கருதுவார்கள். கடற்காற்று வீசும் பழவேற்காட்டில் பகல் 37-இல் நின்றுவிடலாம்; இரவு எட்டு மணிக்கு வீட்டுக்குள் கூரை சுடுவது எந்த அட்டவணையிலும் ஏறாது. வானிலை நிலையத்து வெப்பமானி நிழலில், காற்றோட்டமான மரப்பெட்டிக்குள் இருக்கிறது. மனிதர்கள் காங்கிரீட்டுக்குக் கீழே படுத்திருக்கிறார்கள்.

ஆகவே கடலோரத்துப் பள்ளி மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். ஐம்பது டிகிரி வரை காட்டும் சாதாரண வெப்பமானி ஒன்று போதும். மே மாதம் ஒரு வாரம், இரவு ஒன்பது மணிக்கும் அதிகாலை நான்கு மணிக்கும், வீட்டின் உள்ளே கூரைக்கு ஒரு சாண் கீழும், வெளியே வாசலிலும் அளந்து எழுதுங்கள். ஓலை வீடு, ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் வீடு, காங்கிரீட் வீடு என்று நான்கும் கிடைத்தால் மிக நன்று. வாசலில் நான்கு மணிக்கு வரும் எண்தான் உங்கள் ஊரில் எந்தப் பொருள் உறையும், எது உறையாது என்பதைச் சொல்லும். அந்த எண்ணோடு ஆறைக் கூட்டிக் கொள்ளுங்கள். உங்கள் ஊருக்கு வேண்டிய உருகுநிலை கிடைத்துவிடும். ஓசூரில் வரும் விடை வேறு, பழவேற்காட்டில் வரும் விடை வேறு.

அந்த அம்மாவின் வீட்டுக்கு இவ்வாண்டு பங்குனியில் மாணவர்கள் மறுபடி போனார்கள். மாடிக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். அளவுகள் மே மாதம்தான் தெரியும். "அந்த உருகற உப்பு எப்ப சார் வரும்?" என்று கேட்டனுப்பியிருக்கிறார்.